செராமிக் கோட்டிங் என்று சொல்லி ஆர்.வி.க்குத் தரை பாலிஷ் அடித்துவிட்டுப் போனார்கள்: ஃபீனிக்ஸ் பக்கம் இருப்பவர்கள் கவனம்

அரிசோனாவில் ஃபீனிக்ஸ், சாண்ட்லர், கில்பர்ட், மேசா பக்கம் ஆர்.வி. (உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் வீட்டு வண்டி) வைத்திருக்கும் நண்பர்கள் தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். இந்த வண்டிகளை வாடகைக்கு நிறுத்தி வைக்கும் ஸ்டோரேஜ் யார்டுகளில் சுற்றும் ஒரு குழு, ‘ஐந்து வருட செராமிக் கோட்டிங்’ (வெளிச்சுவரின் பளபளப்பைக் காக்கும் பூச்சு) என்று சொல்லி எங்களிடம் 1,260 டாலர் வாங்கியது. அடித்துவிட்டுப் போனதோ கடைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் தரைக்குப் போடும் அக்ரிலிக் பாலிஷ். கோடை முடிவதற்குள் அது மஞ்சளாகி, பட்டை பட்டையாக உரிந்து தொங்குகிறது. போதாததற்குக் கூரையையும் கெடுத்து வைத்திருக்கிறார்கள்.

எங்களுடையது 28 அடி நீளமுள்ள கிளாஸ் சி வகை மோட்டார்ஹோம், அதாவது தானே ஓடும் ஆர்.வி. பழைய வண்டிதான், ஆனால் எஞ்சின் நன்றாக இருக்கிறது, உள்ளே எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. வெளிச்சுவர் மட்டும் பொலிவிழந்து போயிருந்தது. இது காருக்கு அடிக்கும் பெயின்ட் மாதிரி இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இந்த மாதிரி வண்டிகளில் ஃபைபர்கிளாஸ் சுவரின் மேல் ஜெல்கோட் என்ற நிறமேற்றிய பாலியஸ்டர் ரெசின் படலம் இருக்கும். ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அந்த ரெசினைச் சிதைக்கச் சிதைக்க, மேற்பரப்பு சுண்ணாம்பு மாதிரி பொடியாகிவிடும். உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டால் அதுதான் ஆக்சிடேஷன். நம் ஊர் வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. 2023 கோடையில் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது தாண்டியது. அந்த வெயிலில் நிழல் இல்லாத யார்டில் நிற்கும் வண்டி என்ன ஆகும்?

இந்தக் குழுவின் ஆள் எங்கள் யார்டிலேயே இரண்டு வண்டிகளுக்கு வேலை செய்துகொண்டிருந்தார். பேச்சு மரியாதையாக இருந்தது. வண்டி நீளத்தில் ஓர் அடிக்கு 45 டாலர் என்றார். “செராமிக் போடுவதற்கு முன்னால் ஆக்சிடேஷனை எடுப்பீர்களா, கம்பவுண்டு போட்டு மிஷினில் தேய்ப்பீர்களா?” என்று கேட்டேன். கம்பவுண்டு என்பது பொடியான மேற்பரப்பைத் தேய்த்து எடுக்கும் பசை. “எல்லாம் பேக்கேஜில் சேர்ந்ததுதான் சார், கூரைக்கும் ஒரு டிரஸ்ஸிங் (பளபளப்புப் பூச்சு) இலவசமாகப் போட்டுத் தருகிறோம்” என்றார். ரசீதில் ‘செராமிக் கோட்டிங், 5 வருட வாரண்டி’ என்று எழுதியே கொடுத்தார். முன்பணம் 400 டாலர் கார்டில் கட்டினேன். மீதியை ஸெல்லில் (Zelle, வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் சேவை) அனுப்பினால் வசதி என்று அவர்தான் கேட்டார்.

வேலை நடந்தது ஒரு வார நாளில். சாயங்காலம் ஆபீஸ் முடிந்து போய்ப் பார்த்தபோது வண்டி நேற்றுதான் ஷோரூமிலிருந்து வந்தது போல் மின்னியது. சுவரில் என் மனைவியின் முகம் தெரிந்தது. தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு ஓடியது. அன்று யார் பார்த்திருந்தாலும் குறை சொல்லியிருக்க முடியாது. இந்த ஏமாற்று வேலையின் பலமே அதுதான்.

ஜூலையில் முதல் மான்சூன் புழுதிப்புயலும் மழையும் அடித்து ஓய்ந்த பிறகு போய்ப் பார்த்தால், மேற்கு வெயில் படும் பக்கம் முழுக்க மஞ்சள் பாய்ந்திருந்தது. ஜன்னலுக்குக் கீழே மழைநீர் வழிந்த இடங்களில் வெள்ளையாகப் பூத்துப்போன கோடுகள். நகத்தால் ஓர் ஓரத்தைக் கிள்ளி இழுத்தேன். விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் கையோடு வந்தது. அதன் பின்பக்கத்தில் பழைய சுண்ணாம்புப் பொடி அப்படியே ஒட்டியிருந்தது. அதாவது, ஆக்சிடேஷனை அவர்கள் எடுக்கவே இல்லை. பொடியின் மேலேயே பூசியிருக்கிறார்கள். பூச்சு சுவரைப் பிடிக்கவில்லை, பொடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

அந்த எண்ணுக்கு போன் போட்டால் முதலில் “வெயில் அதிகம் சார், வந்து பார்க்கிறோம்” என்றார்கள். அப்புறம் எடுக்கவே இல்லை. ரசீதில் இருந்த முகவரி ஒரு தபால்பெட்டிக் கடையினுடையது.

லேக் பிளெசன்ட் பக்கம் படகுகளுக்கு ஃபைபர்கிளாஸ் வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனோம். படகுக்கும் இதே ஜெல்கோட்தான் என்பதால் இவர்களுக்கு இது அன்றாட வேலை. அவர் பார்த்ததுமே தலையை ஆட்டினார். ஒரு துணியில் அம்மோனியா கலந்த தரை பாலிஷ் நீக்கியை ஊற்றி, மறைவான ஒரு மூலையில் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துத் துடைத்தார். மஞ்சள் படலம் கூழாகிக் கரைந்து துணியில் வந்துவிட்டது. “உண்மையான செராமிக் இதற்கெல்லாம் அசையாது. இது சூப்பர்மார்க்கெட் தரையில் பூசுவது” என்றார். அந்த பாலிஷ் தண்ணீரில் கலந்த அக்ரிலிக். தடவிக் காயவிட்டால் கண்ணாடி மாதிரி படலமாகிவிடும். தரையில் தேய்ந்தால் அம்மோனியா போட்டு எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும் என்பதற்காகவே அப்படித் தயாரிக்கிறார்கள்.

யார்டைப் பார்த்துக்கொள்பவரிடம் பிறகு கேட்டபோது விவரம் தெரிந்தது. மிஷின் சத்தமே கேட்கவில்லையாம். பிரஷர் வாஷரால் அடித்துக் கழுவிவிட்டு, மைக்ரோஃபைபர் மாப்பை வாளியில் முக்கி முக்கி மேலிருந்து கீழாக இழுத்தார்களாம். மதியச் சாப்பாட்டுக்குள் கிளம்பிவிட்டார்களாம். 28 அடி வண்டியின் நான்கு பக்கமும் கம்பவுண்டு போட்டு, பாலிஷ் போட்டு, ஆல்கஹாலால் துடைத்து, கோட்டிங் பூச இரண்டு பேர் சேர்ந்தாலும் ஒரு முழு நாளில் முடியாது.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். தரை பாலிஷ் போடுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. மிகப் பழைய வண்டி வைத்திருக்கும் சில அமெரிக்கர்கள் தெரிந்தேதான் போடுகிறார்கள். ஆக்சிடேஷனை நன்றாகத் தேய்த்து எடுத்துவிட்டு, மெல்லிய கோட்டாக நாலைந்து முறை பூசி, மஞ்சளாவதற்கு முன்னால் புதுப்பித்துக்கொள்கிறார்கள். கேலன் கேனில் மலிவாகக் கிடைக்கும் பொருள், உழைப்பு அவர்களுடையது. அதையே செராமிக் என்று ரசீது எழுதி ஆயிரத்துச் சொச்சம் டாலர் வாங்குவது திருட்டு.

இப்போது அதை எடுப்பது போட்டதைவிடப் பெரிய செலவு. பாலிஷ் நீக்கும் திரவம் வழிந்தால் அலுமினிய விளிம்புகள் கறுத்துப்போகும், ஸ்டிக்கர் கோடுகள் மங்கும். எனவே எல்லாவற்றையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து எடுக்க வேண்டும். பிரஷர் வாஷரைக் கிட்டத்தில் வைத்து அடித்ததில் பக்கவாட்டு ஸ்டிக்கர்களின் ஓரம் ஏற்கெனவே கிளம்பிவிட்டது. ஜன்னல் சட்டத்தின் சீலன்ட் ஓர் இடத்தில் பிளந்திருக்கிறது. அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் ஃபைபர்கிளாஸ் உள்பலகையிலிருந்து விட்டு உப்பிக்கொள்ளும். அது வந்துவிட்டால் சுவரையே மாற்ற வேண்டிய நிலைமை.

கூரைதான் எனக்கு அதிக வேதனை. எங்கள் வண்டிக்கு இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் கூரை. பெட்ரோலியம் கலந்த எதையும் அதன்மேல் போடக் கூடாது. ரப்பர் அதை உறிஞ்சி வீங்கிவிடும். கூரைத் தயாரிப்பாளர்களின் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கும். இலவசம் என்று இவர்கள் அடித்த டிரஸ்ஸிங் எண்ணெய்ப் பிசுக்காக, டயருக்குப் போடும் பளபளப்பு மாதிரி மணந்தது. இப்போது இரண்டு இடங்களில் ரப்பர் ஒட்டு விட்டுக் குமிழாக எழுந்து நிற்கிறது. கூரைக்கு யார் எது போட வந்தாலும் டப்பாவைக் கையில் வாங்கி, இ.பி.டி.எம்.முக்கு உகந்தது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். டி.பி.ஓ. என்ற பிளாஸ்டிக் வகைக் கூரை என்றால் அதற்குரியதா என்று பாருங்கள்.

பண விஷயம். கார்டில் கட்டிய 400 டாலர் திரும்பி வந்துவிட்டது. செராமிக் என்று எழுதிய ரசீது, உரிந்த படலத்தின் படங்கள், படகுக்காரப் பெரியவர் தன் கடைத்தாளில் எழுதிக் கொடுத்த நாலு வரி ஆகியவற்றை வைத்துக் கார்டு நிறுவனத்திடம் டிஸ்ப்யூட் (கட்டணத்தை மறுக்கும் புகார்) போட்டோம். ஸெல்லில் போன 860 டாலருக்கு வங்கி கையை விரித்துவிட்டது. நீங்களே அனுப்பிய பணம், மோசடியாக எடுக்கப்பட்டது இல்லை என்கிறார்கள். அரிசோனா அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன். இதே குழுவிடம் மாட்டியவர்கள் யாராவது இருந்தால் நீங்களும் தனியாகப் புகார் கொடுங்கள்; ஒரே ஆள்மீது பல புகார்கள் சேர்ந்தால்தான் எடுபடும்.

இனி யாராவது உங்களிடம் கோட்டிங் பேச வந்தால், கோட்டிங் பற்றிப் பேசவிடாதீர்கள். அதற்கு முந்திய வேலையைப் பற்றிக் கேளுங்கள். ஜெல்கோட்டில் பளபளப்பு என்பது கம்பவுண்டு போட்டுத் தேய்ப்பதில் வருவது. வேக்ஸோ செராமிக்கோ அந்தப் பளபளப்பைக் காப்பாற்ற மட்டும்தான். ஆகவே இரண்டடிக்கு இரண்டடி சதுரம் டேப் ஒட்டி, அந்த இடத்தை மட்டும் உங்கள் கண்முன்னே கம்பவுண்டும் பாலிஷும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மேலே எதுவும் பூசாமலே அது மின்ன வேண்டும், உள்ளங்கையில் பொடி ஒட்டக் கூடாது. ஒழுங்கான வேலைக்காரர் இதற்குச் சந்தோஷமாகச் சம்மதிப்பார். படகுக்காரப் பெரியவர் நாங்கள் கேட்காமலேயே செய்து காட்டினார். செராமிக் என்பது 30, 50 மில்லி என்று சின்னப் பாட்டிலில் வரும், துளித்துளியாக விட்டுச் சின்னத் துணியில் தடவுவார்கள். கேலன் கேனும் வாளியும் மாப்பும் இறங்கினால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். பொருளின் பெயரை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். முழுப் பணத்தையும் கார்டில் மட்டும் கட்டுங்கள், அதற்காக மூன்று சதவீதம் கூடுதலாகக் கேட்டாலும் பரவாயில்லை.

ஜனவரியில் குவார்ட்ஸைட் என்ற அரிசோனா ஊரில் நடக்கும் ஆர்.வி. கூட்டத்துக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். பாலைவனத்தில் ஆயிரக்கணக்கான ஆர்.வி. வரிசையாக நிற்கும்போது, இப்படிக் கதவைத் தட்டி வேலை கேட்பவர்களும் வருவார்கள். நல்லவர்களும் அதில் உண்டு. ஆனால் கோட்டிங் கெட்டுப்போக நாலு மாதம் ஆகும், அவர்கள் கிளம்பிப்போக நாலு நாள் போதும். அங்கே கழுவித் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டு, கோட்டிங்கை ஊர் திரும்பி, நிலையான கடை வைத்திருப்பவரிடம் போடுங்கள். படங்கள் வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள், அனுப்புகிறேன்.