பில் வருவதற்கு முன்பே நட்சத்திரம் கேட்கிறார்களா? கொடுக்காதீர்கள்

உயர்தர உணவகம் ஒன்றில் சாப்பிட்டு முடித்து, பில்லுக்காகக் காத்திருக்கும்போது யாராவது கையில் டேப்லெட்டுடன் வந்து, "எங்களுக்கு ஒரு மதிப்பீடு போட்டுவிடுங்கள்" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். எவ்வளவு சிரித்த முகத்தோடு கேட்டாலும் சரி, இலவசமாக இனிப்பு வைத்துவிட்டுக் கேட்டாலும் சரி. அந்த மதிப்பீட்டை அவர்கள் விளம்பரத்துக்காக மட்டும் வாங்குவதில்லை. சற்று நேரத்தில் நீங்கள் பில்லைப் பார்த்துக் கேள்வி எழுப்பும்போது உங்களிடமே திருப்பிக் காட்டுவதற்காகவும் வாங்கி வைக்கிறார்கள். எங்களுக்கு நடந்தது அதுதான்.

உணவகத்தின் பெயரை எழுதப் போவதில்லை. புகார் ஒன்று நிலுவையில் இருக்கிறது. தவிர, இதே வித்தையை வேறு இடங்களிலும் பார்த்ததாக நண்பர்கள் சொல்கிறார்கள். ஒரு பெயரைத் தவிர்த்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்ற எண்ணம் யாருக்கும் வேண்டாம்.

அக்காவுக்கும் அத்தானுக்கும் திருமண நாள். அவர்களை நல்ல இடத்துக்கு அழைத்துப்போக வேண்டும் என்று தேடியபோது இந்த உணவகம் கண்ணில் பட்டது. ஆயிரக்கணக்கானோர் மதிப்பிட்டிருந்தார்கள், சராசரி ஐந்து நட்சத்திரத்துக்குச் சற்றே குறைவு. முன்பதிவு செய்யும்போதே கார்டிலிருந்து முன்பணம் எடுத்துக்கொண்டார்கள். கடைசி நேரத்தில் வராமல் போகிறவர்களால் மேசை காலியாகக் கிடக்கும் என்பதால் இப்படிப்பட்ட இடங்கள் முன்பணம் கேட்பது வழக்கம்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. உறுதிப்படுத்தி வந்த மின்னஞ்சலில் "முன்பணம் இறுதி பில்லில் கழித்துக்கொள்ளப்படும்" என்று ஒரு வரி இருந்தது. அந்த மின்னஞ்சலை நான் அழிக்காமல் வைத்திருந்ததால்தான் கொஞ்சமாவது பணம் திரும்பி வந்தது.

குறித்த நேரத்துக்குப் போனோம். மேசை தயாராக இல்லை என்று மதுக்கூடத்தில் உட்கார வைத்தார்கள். அங்கே சும்மா உட்கார விடவில்லை. ஆளுக்கொரு பானம் வாங்கும்வரை பக்கத்திலேயே ஒருவர் நின்றார். பிறகு கிடைத்த மேசை, படங்களில் பார்த்த சன்னலோர மேசை அல்ல. சமையலறைக் கதவுக்கு எதிரில். இதையெல்லாம் குறை என்று எழுதுவதே எனக்குச் சலிப்பாக இருக்கிறது. கூட்டம் மிகுந்த இடத்தில் நடக்கக்கூடியதுதான். விஷயம் இதற்குப் பிறகுதான்.

அத்தானுக்கு ஒயின் பற்றிக் கொஞ்சம் தெரியும். பட்டியலைப் பார்த்து, குறிப்பிட்ட ஆண்டின் ஒயின் ஒன்றைச் சொன்னார். வந்த பாட்டில் ஏற்கெனவே திறந்திருந்தது. இதில் ஒரு முறை இருக்கிறது: பாட்டிலை மூடியபடி கொண்டுவந்து, பெயரையும் ஆண்டையும் காட்டி, நாம் சரி என்ற பிறகு கண்ணெதிரில் திறந்து, கோப்பையில் சிறிதளவு ஊற்றித் தர வேண்டும். அந்தச் சிறிதளவு நமக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்காக அல்ல, ஒயின் கெட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்காக. தக்கையில் டிசிஏ என்ற வேதிப்பொருள் உருவாகியிருந்தால் ஒயினில் நனைந்த அட்டையின் வாடை அடிக்கும். அப்படியானால் பாட்டிலை மாற்றித் தருவது அவர்கள் கடமை. அத்தான் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். ஆண்டு வேறு.

"நான் கேட்டது இது இல்லையே?"

"அது தீர்ந்துவிட்டது சார். இதுவும் அதே தரம்தான்."

தரம் அதேதானோ என்னவோ, பில்லில் விலை மட்டும் அத்தான் கேட்ட ஆண்டின் விலையாகவே இருந்தது.

அடுத்து ட்ரஃபிள், அதாவது மண்ணுக்கடியில் விளையும், மணத்துக்காகச் சேர்க்கும் விலையுயர்ந்த காளான் வகை. பரிமாறுபவர் ஒரு சின்னச் சீவுகோலுடன் வந்து, "கொஞ்சம் ட்ரஃபிள் சீவட்டுமா?" என்று கேட்டார். தண்ணீர் ஊற்றட்டுமா என்பதுபோல அவ்வளவு இயல்பாகக் கேட்டார். அக்கா தலையசைத்தார். மூன்று தட்டுகளிலும் விழுந்தது. கூடுதல் கட்டணம் உண்டு என்று ஒரு சொல் கிடையாது. மெனு அட்டையிலும் இல்லை. தட்டிலிருந்து மணம் தூக்கலாக வந்தது, ஆனால் சீவலைத் தனியே எடுத்துக் கடித்தால் எந்த மணமும் இல்லை. மணம் எண்ணெயுடையது. சந்தையில் ட்ரஃபிள் எண்ணெய் என்று விற்பதில் பெரும்பகுதி, 2,4-டைதயாபென்டேன் என்ற செயற்கை மணப்பொருளைக் கலந்த சாதாரண எண்ணெய்தான். கோடையில் கிடைக்கும் ட்ரஃபிள் மணம் குறைந்தது, குளிர்காலக் கறுப்பு ட்ரஃபிளைவிட மிகவும் மலிவானது. இரண்டில் எது என்று கேட்டதற்கு, "ஸ்பெஷல் வகை" என்று பதில் வந்தது.

மீன் கதை இன்னும் மோசம். மெனுவில் நூறு கிராமுக்கு இவ்வளவு என்று மட்டும் போட்டிருந்தது. முழு மீனை ஒரு தட்டில் கொண்டுவந்து காட்டினார்கள், எடை சொல்லவில்லை. இப்படி விற்கும்போது சமைப்பதற்கு முந்தைய எடையைத்தான் கணக்கில் எடுப்பார்கள். தலை, முள், குடல் எல்லாம் அதில் சேரும். ஆகவே சமைக்க அனுப்பும் முன்பே எடையும் மொத்த விலையும் வாடிக்கையாளருக்குத் தெரிந்தாக வேண்டும். எங்களுக்குத் தெரிந்தது பில்லில்தான். அதில் அச்சாகியிருந்த எடை உண்மையானால், மூன்று பேரும் சாப்பிட்டு மீதியைக் கட்டிக்கொண்டும் போயிருப்போம். தட்டுக்கு வந்ததோ ஆளுக்கு இரண்டு கவளம்.

பில் வருவதற்கு முன் விளக்கைக் குறைத்தார்கள். மெழுகுவர்த்தி ஏற்றிய இனிப்பு ஒன்று வந்தது. "இது எங்கள் அன்பளிப்பு மேடம்" என்றார் மேலாளர். அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. மெழுகுவர்த்தி அணைந்த உடனே டேப்லெட் வந்தது. திரையில் ஐந்து நட்சத்திரங்களும் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்தன. நாம் செய்ய வேண்டியது பெயரை எழுதி அழுத்துவது மட்டுமே. "பரிமாறிய தம்பியின் பெயரையும் குறிப்பிட்டால் அவருக்கு உதவியாக இருக்கும்" என்று பக்கத்திலேயே நின்றார். முன்னால் நிற்கிற மனிதரின் பிழைப்பைப் பற்றிப் பேசும்போது யாருக்குத்தான் நாலு நல்ல வார்த்தை எழுத மனம் வராது? அக்கா எழுதினார்.

அதன் பிறகுதான் பில் வந்தது. மூன்று தட்டு ட்ரஃபிள். மாறிய ஒயினுக்கு மாறாத விலை. நம்ப முடியாத எடையில் மீன். மொத்தத்தின் மேல் சேவைக் கட்டணம், அதற்கும் கீழே டிப்ஸ் எழுதத் தனியாக ஒரு கோடு. "கொண்டாட்ட ஏற்பாடு" என்று இன்னொரு வரி; விசாரித்தால், அது அந்த அன்பளிப்பு இனிப்புக்கும் மெழுகுவர்த்திக்கும். முன்பணத்தைக் கழிக்கவே இல்லை.

அத்தான் அதிர்ந்து பேசுகிறவர் இல்லை. ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுக் காட்டி, இது ஏன், இது ஏன் என்று கேட்டார். மேலாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார்.

"சார், எல்லாமே அருமை, குறையே இல்லை என்று மேடம் இப்போதுதானே எழுதினார்கள்?"

அந்த ஒரு கேள்விக்குப் பிறகு பேச்சு எங்கள் கையில் இல்லை. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பணம் கொடுக்காமல் நழுவப் பார்க்கிறவர்களைப்போல நாங்கள் நின்றோம். அக்கா "விடுங்கள், போகலாம்" என்றார். கட்டிவிட்டு வந்தோம்.

நல்ல நாளைக் கெடுத்துவிட்டார்களே என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் கோபத்தைத் தள்ளி வைத்துவிட்டு யோசித்தபோது, அந்த உயர்ந்த சராசரி எப்படி உருவாகிறது என்பது புரிந்தது. மதிப்பீடு என்பது யார், எப்போது, யார் முன்னிலையில் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மிச்செலின் கையேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1900இல் பிரெஞ்சு டயர் நிறுவனம் ஒன்று வாகன ஓட்டிகளுக்காகத் தொடங்கிய கையேடு அது. 1926இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் தரத் தொடங்கியது. அதன் ஆய்வாளர்கள் தாங்கள் யார் என்று சொல்லாமல் போய், பில்லை முழுதாகக் கட்டிவிட்டு வர வேண்டும் என்பது விதி. இன்னொன்றும் பலருக்குத் தெரியாது: அந்த நட்சத்திரம் தட்டில் இருப்பதற்கு மட்டும்தான், மேசை விரிப்புக்கும் விளக்கு அலங்காரத்துக்கும் அல்ல.

முகம் தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. 1993இல் நியூயார்க் டைம்ஸின் உணவு விமர்சகராக இருந்த ரூத் ரைக்கல், லெ சிர்க் என்ற புகழ்பெற்ற உணவகத்துக்கு மாறுவேடத்தில் சாதாரணப் பெண்மணியாகப் போனார்; பிறகு அடையாளம் தெரியும்படியும் போனார். இரண்டு முறையும் கிடைத்த கவனிப்பில் இருந்த வேறுபாட்டை அருகருகே வைத்து எழுதினார். அந்த நாளிதழ் உணவகத்துக்குத் தந்திருந்த நான்கு நட்சத்திரங்களில் ஒன்று போனது.

இணைய மதிப்பீட்டில் இந்தப் பாதுகாப்பு எதுவுமில்லை. 2017இல் லண்டனில் ஊபா பட்லர் என்ற எழுத்தாளர் தன் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று டிரிப்அட்வைசர் என்ற விமர்சனத் தளத்தில் பதிவு செய்தார். நண்பர்களை வைத்துப் பொய் விமர்சனங்கள் எழுதவைத்தார். சவர நுரையையும் கழிப்பறை மாத்திரையையும் உணவுபோல் அடுக்கிப் படம் எடுத்துப் போட்டார். ஒரு தட்டுகூடப் பரிமாறாத அந்தக் கொட்டகை, லண்டன் உணவகங்களில் முதலிடத்துக்கு வந்தது. இத்தனை பாடுபட்டு நட்சத்திரம் தேடுவது ஏன் என்றால், அதில் பணம் இருக்கிறது. சியாட்டில் நகர உணவகங்களை ஆராய்ந்த ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் லூகா, யெல்ப் என்ற மதிப்பீட்டுத் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருவாய் 5 முதல் 9 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்.

இப்போது அந்த உணவகத்தின் பக்கத்தை மறுபடி படித்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. ஐந்து நட்சத்திரப் பதிவுகள் இரண்டு வரிதான். எல்லாவற்றிலும் பரிமாறுபவரின் பெயர், எல்லாவற்றிலும் இனிப்புக்கு நன்றி, விலை பற்றி ஒரு சொல் இல்லை. ஒரு நட்சத்திரப் பதிவுகள் நீளமானவை. மறுநாளோ அதற்குப் பிறகோ எழுதப்பட்டவை. பில்லின் படத்தோடு வந்தவை. நடுவில் மூன்று நட்சத்திரம் அனேகமாக இல்லை. நான் இனி எங்கே போவதாக இருந்தாலும் சராசரியைப் பார்க்க மாட்டேன். குறைந்த நட்சத்திரப் பதிவுகளிலிருந்து மேலே படிப்பேன், படங்களில் தட்டுகளைவிட பில்களைத் தேடுவேன். வாயால் சொல்லப்படும் எந்தச் சிறப்பு உணவுக்கும் "எவ்வளவு?" என்று அங்கேயே கேட்பேன். அப்படிக் கேட்பது கௌரவக் குறைவு என்ற நம் தயக்கத்தில்தான் இவர்களின் வியாபாரமே நடக்கிறது.

நானும் பில்லின் படத்தோடு ஒரு பதிவு எழுதினேன். "இந்தப் பெயரில் எங்களிடம் யாரும் வந்ததாகப் பதிவு இல்லை" என்று கீழே பதில் வந்தது. சில நாளில் என் பதிவே காணாமல் போனது. முன்பதிவு மின்னஞ்சலைத் தளத்துக்கு அனுப்பி முறையிட்ட பிறகு திரும்ப வந்தது. இடையில் மேலாளர் அக்காவைத் தொலைபேசியில் அழைத்து, என் பதிவை நீக்கினால் அடுத்த முறை பாதிக் கட்டணம் என்றார். அக்கா அழைப்பைத் துண்டித்துவிட்டு, தன் ஐந்து நட்சத்திரத்தை ஒன்றாக மாற்றினார். பதிவைத் திருத்தும் வசதி பெரும்பாலான தளங்களில் இருக்கிறது. பலருக்கு அது தெரிவதில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, கார்டு கொடுத்த வங்கியிடம் எழுத்துமூலம் மறுப்பு தெரிவித்தேன். முன்பணம் திரும்பி வந்துவிட்டது, ஏனென்றால் கழிப்பதாக அவர்களே எழுதியிருந்தார்கள். ட்ரஃபிளுக்கும் ஒயினுக்கும் வங்கி கைவிரித்துவிட்டது; கையெழுத்துப் போட்ட பில்லுக்கு எதிராக எங்களிடம் தாள் எதுவும் இல்லை. ஆகவே பில்லில் கையெழுத்துப் போட நேர்ந்தால், "மறுப்புடன் செலுத்துகிறேன்" என்று எழுதி, எந்த வரிகளை மறுக்கிறீர்கள் என்று வட்டமிட்டு, ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மீன் எடை பற்றிய புகாரை நுகர்வோர் அமைப்பிடம் கொடுத்திருக்கிறோம். பதில் வந்ததும் இதன் கீழேயே சேர்க்கிறேன்.