வினாக்கொத்தா, கிளினிக் அறையா, வீட்டுக் கொப்பியா?

ஓட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பாசம் கிடையாது என்று கொழும்பு வெள்ளவத்தையில் இன்றும் என் காதுபடவே சொல்கிறார்கள். பாசம் இருக்கிறது. அதை எதைக்கொண்டு அளப்பது என்பதில்தான் சிக்கல். ஓட்டிசம் உள்ள என் மகனுக்கு ஒன்பது வயது.

பெற்றோர் நிரப்பும் வினாக்கொத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். இதற்கென்றே அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் உளவியலாளர்கள் கேட் சொஃப்ரொனொஃப், டோனி அட்வூட் குழுவினர் உருவாக்கியவை உண்டு. நம்மிடம் காட்டும் அன்பையும் மற்றவர்களிடம் காட்டும் அன்பையும் தனித்தனியே கேட்பது பெரிய பலம். ஏனென்றால் அம்மம்மா தொட்டாலே விலகும் பிள்ளை, முன்பின் தெரியாதவரை இறுகக் கட்டிப்பிடிக்கலாம். ஆறு மாதம் கழித்து மறுபடி நிரப்பினால் மாற்றமும் தெரியும். ஆனால், அன்பை வாயால் சொல்கிறானா என்று கேட்டால் என்ன பதில் போடுவது? எங்கள் வீட்டில் பெரியவர்களே சொல்வதில்லை. "சாப்பிட்டியா?" என்பதோடு சரி.

கிளினிக் அறையில் பயிற்சி பெற்றவர் பார்ப்பது இன்னொரு வழி. ஏடிஓஎஸ்-2 என்ற மதிப்பீடு 40 முதல் 60 நிமிடம் எடுக்கும். அது ஓட்டிசத்தை இனங்காண உதவுவது, அன்பை அளக்க வந்ததல்ல. உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வேர்த்தின் சோதனையில் தாய் வெளியே போய்த் திரும்பும்போது குழந்தை என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள். இவ்வகை அவதானிப்புகளைத் தொகுத்த 2004 ஆய்வொன்றில், ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் 53 சதவீதத்தினர் பெற்றோரோடு பாதுகாப்பான பிணைப்பில், அதாவது அவர்களை நம்பி ஆறுதல் தேடும் உறவில், இருந்தார்கள். அந்த எண்ணை வாசித்த அன்று நான் அழுதேன். ஆனால் அச்சோதனை ஒரு வயதுக் குழந்தைகளுக்காக அமைந்தது. என் மகனுக்குப் பொருந்தாது.

எனக்குப் பிடித்தது, வீட்டில் மகன் செய்வதை நானே எழுதிவைக்கும் கொப்பி. ஒருநாள் தலைவலியோடு படுத்திருந்தேன். மகன் வந்து என் மணிக்கட்டில் ஒற்றை விரலை வைத்து, "கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை" என்றான். வழமையாகத் தெஹிவளை, கல்கிசை என்று போய்க்கொண்டே இருப்பவன், அன்று எங்கள் ரயில் ஸ்டேஷனோடு நிறுத்திவிட்டு விரலை எடுக்காமல் இருந்தான். கண்ணைப் பார்க்கவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. எந்தப் படிவத்தில் இதற்குப் புள்ளி போடுவது?

தாய்க்கண் ஆசைப்பட்டதையே பார்க்கும் என்பது கொப்பியின் குறைதான். அதனால் நேரம், அதற்கு முன் நடந்தது, அவன் செய்தது ஆகியவற்றை ஒரு பக்கத்திலும், நான் நினைத்ததை மறுபக்கத்திலும் எழுதுகிறேன். ஒன்றுதான் முடியுமென்றால் கொப்பியைத் தொடங்குங்கள். சிகிச்சை பலன் தருகிறதா என்று பார்க்க வினாக்கொத்தும் வேண்டும். அடுத்த கிளினிக் திகதிக்கு, நிரப்பிய படிவத்தோடு அந்தத் தலைவலி நாள் பக்கத்தையும் போட்டோகொப்பி எடுத்து வைத்திருக்கிறேன்.