எண்ணெய் நல்ல எண்ணெய்தான், கூட வந்த தாள்தான் மோசம்

சித்திக்குக் கீமோ ஆரம்பித்த வாரம் மாமா இந்த எசென்ஷியல் ஆயில் செட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆரஞ்சு, லெமன்கிராஸ், அப்புறம் ஃபிராங்கின்சென்ஸ், அதாவது குந்திரிக்கம். மூன்றும் 10 மில்லி, பழுப்புக் கண்ணாடி பாட்டில், சாய்த்தால் சொட்டுச் சொட்டாக மட்டும் விழுகிற மாதிரி வாயில் ஒரு அடைப்பு. வாசனை அசல், மூடி ஒழுகவில்லை, எண்ணெயைப் பற்றி இவ்வளவுதான் சொல்ல இருக்கிறது. இத்தனை நீளமாக எழுத வைத்தது பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாள்.

புற்றுநோய் செல்களை அழிப்பதாக ஆய்வில் நிரூபணமாம், தினமும் 2 சொட்டு நாக்குக்கு அடியில் விட வேண்டுமாம்.

ஆய்வுகள் இருப்பது பொய்யில்லை. ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் லிமோனீன், லெமன்கிராஸில் பெரும்பங்கு சிட்ரால், இரண்டையும் ஆய்வகத் தட்டில் வளர்கிற புற்றுச்செல்கள் மேல் விட்டால் செல்கள் சாகின்றன. சாகாமல் என்ன செய்யும்? பார்சலில் வந்த தெர்மாகோல் துண்டின் மேல் நானே ஆரஞ்சு எண்ணெயை ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடம் பளபளத்து, உள்வாங்கி, குழியாகிவிட்டது. அது ஒரு கரைப்பான், செல்லைச் சுற்றியிருக்கிற சவ்வோ கொழுப்பு, அளவு கூடினால் நல்ல செல்லும் தப்பாது. எல்லாமே இப்படிக் கரைத்துக் கொல்வதுதான் என்று சொல்லவும் முடியாது, செல் தன்னைத்தானே முடித்துக்கொள்கிற அபோப்டோசிஸ் நடப்பதையும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் தட்டில் நேராக ஊற்றிய அளவு வயிறு, கல்லீரல், இரத்தம் எல்லாம் தாண்டிக் கட்டிக்குப் போய்ச் சேருமா என்பதைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரி கிடையாது.

இதை மனிதர்களிடம் சோதித்தும் பார்த்தாயிற்று. லிமோனீனுக்கு நெருங்கிய உறவான பெரில்லில் ஆல்கஹால் எலிகளின் கட்டியைச் சுருக்கியதால் 1990-களில் நோயாளிகளுக்கே மாத்திரையாகக் கொடுத்தார்கள். தினமும் கிராம் கணக்கில் விழுங்க வேண்டும், குமட்டலும் சோர்வுமாகப் பலர் பாதியில் விட்டுவிட்டார்கள், கட்டிகளும் பெரிதாக அசைந்து கொடுக்கவில்லை. பிறகு பிரேசிலில் மூளைக்கட்டி உள்ளவர்களுக்கு அதையே மூக்கு வழியாக உள்ளிழுக்க வைத்துப் பார்த்தார்கள், அந்த வழியில் இன்னும் ஆராய்ச்சி போகிறது. அதெல்லாம் பிரித்துச் சுத்தப்படுத்திய ஒரே பொருள், அளந்து கொடுத்தது. 20 சொட்டு சுமார் 1 மில்லி என்றால் இந்தத் தாள் சொல்லும் 2 சொட்டு எந்த மூலைக்கு?

குந்திரிக்கம்தான் உச்சம். குந்திரிக்கப் பிசினில் இருக்கிற போஸ்வெலிக் அமிலத்தைப் பற்றி அரைப் பக்கம் புகழ்ந்திருக்கிறார்கள். பாட்டில் லேபிளிலோ, நீராவியில் வடித்தது என்று அவர்களே போட்டிருக்கிறார்கள். போஸ்வெலிக் அமிலம் கனமான மூலக்கூறு, நீராவியோடு மேலே வராது, பிசினிலேயே தங்கிவிடும். பாட்டிலில் இல்லாத பொருளுக்கு அரைப் பக்கம்!

செடியில் மருந்து இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நித்தியகல்யாணியிலிருந்து எடுத்த வின்கிறிஸ்டைன் இன்றும் இரத்தப் புற்றுநோய்க்கு ஊசியாக இரத்தக்குழாயில் ஏறுகிறது. யாரும் அதற்காக இலையைப் பிழிந்து நாக்கில் விடுவதில்லை.

டாக்டரிடம் கேட்டோம். உள்ளே ஒரு சொட்டுகூடப் போகக்கூடாது, கதிர்வீச்சு கொடுக்கிற இடத்தில் தடவவே கூடாது, முகர்ந்து பார்ப்பது அவர் இஷ்டம் என்று முடித்துவிட்டார். சித்திக்கு லெமன்கிராஸ் மூடியைத் திறந்தாலே குமட்டுகிறது, கீமோவில் மூக்கு அப்படி மாறிவிட்டது. ஆரஞ்சு மட்டும் பிடித்தது. பஞ்சில் ஒரு சொட்டு விட்டுத் தலையணை ஓரத்தில் வைத்தால் அறையில் மருந்து வாடை கொஞ்சம் அடங்குகிறது, அவருக்கும் மனசு லேசாக இருக்கிறதாம். நாலு ஸ்டார் அதற்குத்தான், ஒன்றைக் குறைத்தது தாளுக்காக.

இன்னொரு குறை, பாட்டிலில் தேதியே இல்லை. லிமோனீன் காற்றுப் பட்டுப் பழசானால் தோலில் ஒவ்வாமை கொண்டுவரும், எப்போது அடைத்தது என்று தெரியாமல் எப்படித் தொடுவது? குழந்தைகள் திறக்க முடியாத மூடியும் இல்லை, இந்த மாதிரி எண்ணெயைச் சின்னப் பிள்ளை விழுங்கிவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான், அதனால் அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டேன். லெமன்கிராஸ் தரை துடைக்கப் போய்விட்டது.

மாமா நேற்றும் போன் செய்து, சொட்டு ஒழுங்காக எடுத்துக்கொள்கிறாளா என்று கேட்டார். நான் முழிப்பதைப் பார்த்த சித்தி கட்டிலில் இருந்தபடியே, "பஞ்சுல எடுத்துக்கிறேன்னு சொல்லிடு" என்றார்.