மேடைப் பேச்சு பழக எது உதவும்: தனி ஒத்திகையா, கிளப்பா, வகுப்பா, பயிற்சியாளரா?

மேடை ஏறினாலே தொண்டை வறண்டு, தயாரித்ததெல்லாம் மறந்துபோகிறது என்று சொல்லிப் பாருங்கள், ஆளுக்கொரு யோசனை வரும். கண்ணாடி முன்னால் பேசிப் பழகு என்பார் ஒருவர். பேச்சுப் பயிற்சி கிளப்பில் சேர் என்பார் இன்னொருவர். வார இறுதிப் பயிலரங்குக்கு விளம்பரம் வரும். போன் செயலியே போதும் என்பவர்களும் உண்டு. இவற்றில் எதுவும் ஏமாற்று வேலையில்லை. எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் உதவும் என்பதால்தான் தேர்வு செய்வது சிரமமாகிறது.

ஒப்பிடும் முன் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். நன்றாகப் பேசுவது வேறு, பயப்படாமல் பேசுவது வேறு. குரல், வேகம், உச்சரிப்பு, சொல்வதை எந்த வரிசையில் சொல்வது போன்றவற்றைத் தனியாக உட்கார்ந்தே சீர்படுத்தலாம். பயம் அப்படிக் குறையாது. அது குறைய எதிரே ஆட்கள் வேண்டும், அதுவும் அடிக்கடி வேண்டும். அதனால் ஒவ்வொரு வழியையும் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: இது ஒரு மாதத்தில் உங்களை எத்தனை தடவை பிறர் முன்னால் எழுந்து நிற்க வைக்கும்?

தனி ஒத்திகை

தனியாகப் பழகியவர்களின் முன்னோடி என்றால் கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ்தான். வாயில் கூழாங்கல் போட்டுக்கொண்டு பேசிப் பழகியவர் என்று எல்லோருக்கும் தெரியும். பழங்கால வாழ்க்கை வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதியதில் இன்னொரு செய்தி இருக்கிறது. நிலவறை ஒன்று கட்டி அதற்குள் மாதக்கணக்கில் பயிற்சி செய்தாராம். வெளியே போகும் ஆசை வந்துவிடக் கூடாதென்று தலையில் ஒரு பாதியை மட்டும் மழித்துக்கொள்வாராம். பெரிய கண்ணாடி முன்னால் நின்று சைகைகளைப் பழகினார் என்று ரோமானிய ஆசிரியர் குயின்டிலியன் சொல்கிறார்.

கண்ணாடி விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பேசிக்கொண்டே தன்னைத் தானே கவனிப்பது இரண்டு வேலை. மேடையில் நம் முகம் நமக்குத் தெரியப் போவதுமில்லை. இன்று போன் கேமரா இருக்கிறது. பேசும்போது பேச்சில் மட்டும் இருக்கலாம், பிறகு சாவகாசமாகப் பார்க்கலாம். பார்ப்பதையும் பிரித்துச் செய்வது நல்லது: ஒரு தடவை திரையைப் பார்க்காமல் குரலை மட்டும், ஒரு தடவை ஒலியை அணைத்துவிட்டு உடலை மட்டும். ‘வந்து’, ‘அதாவது’, ‘பாத்தீங்கன்னா’ எல்லாம் எத்தனை தடவை வருகின்றன என்பது முதல் தடவையிலேயே தெரிந்துவிடும். பதிவில் கேட்கும் குரல் அந்நியமாக இருந்தால் பயப்பட வேண்டாம். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்லாமல் மண்டை எலும்பு வழியாகவும் காதுக்கு வருகிறது, அதனால் நமக்குக் கனமாகக் கேட்கிறது. மற்றவர்கள் கேட்பது பதிவில் உள்ளதைப் போன்ற குரலைத்தான்.

பதிவு செய்வதில் இன்னொரு லாபம், நமது பதற்றம் நாம் நினைத்த அளவுக்கு வெளியே தெரிவதில்லை என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். சவிட்ஸ்கி, கிலோவிச் என்ற உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த உண்மையைப் பேச்சுக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொண்ட மாணவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். கேட்டுத் தெரிந்ததற்கே அந்தப் பலன் என்றால், சொந்த வீடியோவில் பார்ப்பது அதைவிட நம்பும்படியான சாட்சி.

தனி ஒத்திகை எங்கே நின்றுபோகிறது? எத்தனை தடவை செய்தாலும் எதிரே யாரும் இல்லை. தவறினால் நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம். அந்தச் சலுகை மேடையில் கிடையாது.

செயலிகளும் இந்த வகைதான். பவர்பாயிண்டில் உள்ள ஸ்பீக்கர் கோச் போன்றவை பேசும் வேகத்தையும் நிரப்புச் சொற்களையும் எண்ணிச் சொல்லும், ஸ்லைடை அப்படியே வாசித்தால் சுட்டிக்காட்டும். எண்ணுவதற்கு நல்ல உதவியாள். பேச்சு சுவையாக இருந்ததா என்று அதனிடம் கேட்டுப் பயனில்லை.

பேச்சுப் பயிற்சி கிளப்

இந்த வகையில் பெரிய பெயர் டோஸ்ட்மாஸ்டர்ஸ். ரால்ஃப் ஸ்மெட்லி 1924-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா அனாவில், ஒய்எம்சிஏ கட்டடத்தில் தொடங்கியது. ஆசிரியர் என்று யாரும் இல்லாமல் உறுப்பினர்களே ஒருவரை ஒருவர் கேட்டு, மதிப்பிட்டு, முன்னேறுவது அதன் முறை. தயாரித்த பேச்சு பெரும்பாலும் 5 முதல் 7 நிமிடம். ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு மதிப்பீட்டாளர் இருப்பார். ஒருவர் நேரம் பார்ப்பார்: பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அடையாளம் காட்டுவார். இன்னொருவர் ‘ஆ’, ‘ம்’ என்று இழுப்பதை எண்ணுவார். அப்புறம் ‘டேபிள் டாபிக்ஸ்’. அந்த நேரத்தில் கொடுக்கும் தலைப்பில் 1 முதல் 2 நிமிடம் பேச வேண்டும். என்னைக் கேட்டால் கிளப்பின் உண்மையான சொத்து அதுதான். தயாரித்த பேச்சு அலுவலகத்தில் என்றோ ஒரு நாள் வரும். “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்ற கேள்வி தினமும் வரும்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது உறுப்பினர் உள்ள கிளப், மாதம் இரண்டு கூட்டம், கூட்டத்துக்கு மூன்று தயாரித்த பேச்சு என்றால் மாதத்துக்கு ஆறு வாய்ப்பு. உங்கள் முறை வர மூன்று மாதத்துக்கு மேலாகும். “வருஷக்கணக்கா போறேன், இன்னும் பயம் போகல” என்று சிலர் சொல்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அவர்கள் போனது கேட்க. அதனால் சேரும் முன் விருந்தினராகப் போய்ப் பார்க்கும்போது சூழல் எப்படி, காபி எப்படி என்பதையெல்லாம் விட்டுவிட்டு, எத்தனை பேர் உறுப்பினர்கள், எத்தனை பேர் அன்று வாய் திறந்தார்கள் என்று எண்ணுங்கள். பன்னிரண்டு பேர் உள்ள சின்ன கிளப் பல சமயம் பெரிய கிளப்பைவிட மேல். சேர்ந்த பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் ஏதாவது ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்க வேண்டும். நேரம் பார்ப்பவர்கூட எழுந்து நின்று தன் வேலையை விளக்க வேண்டியிருக்கும். அரை நிமிடமானாலும் அதுவும் ஒரு தடவைதான்.

கிளப்பின் இன்னொரு குறை அதன் நல்ல குணத்திலேயே இருக்கிறது. எல்லோரும் சிரித்த முகத்தோடு கேட்பார்கள், என்ன பேசினாலும் கைதட்டுவார்கள். புதியவருக்கு இது மருந்து. ஆனால் ஆய்வகத்தில் மன அழுத்தத்தை வரவழைக்க 1993 முதல் பயன்படும் ட்ரையர் சோதனையில், பேசுபவருக்கு எதிரே உட்காரும் குழு முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டக் கூடாது என்பது விதி. அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலை ஏற்றிவிட அந்தச் சலனமற்ற முகங்களும் ஒரு முக்கியக் கருவி. மடிக்கணினியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் மேலதிகாரிகள் நினைவுக்கு வருகிறார்களா? கிளப்பில் நன்றாகப் பேசுபவர் அங்கே தடுமாறுவது இதனால்தான். ஓராண்டு ஆனதும் வேறு கிளப்புகளுக்கு விருந்தினராகப் போய்ப் பேசுவதும், தட்டிக்கொடுக்காமல் மதிப்பிடுபவரைக் கேட்டு வாங்குவதும் இதற்கு ஓரளவு மாற்று.

பயிலரங்கும் வகுப்பும்

இரண்டு நாள் பயிலரங்கு உற்சாகமாக இருக்கும். பேச்சை எப்படித் தொடங்குவது, எப்படி அடுக்குவது என்று ஒரு சட்டகம் கிடைக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படிப்பது நிலைக்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மான் எபிங்ஹாஸ் 1885-லேயே எழுதிவிட்டார். ஞாயிறு மாலை இருந்த தைரியம் அடுத்த பேச்சு வாய்ப்பு வரும்வரை தாங்காது.

வாரம் ஒரு வகுப்பு என்று சில மாதங்கள் நீளும் படிப்பு வேறு ரகம். டேல் கார்னகி 1912-இல் நியூயார்க்கில் தொடங்கியது அப்படிப்பட்ட மாலை வகுப்புகளைத்தான். அதுவும் ஒய்எம்சிஏவில்தான் என்பது வேடிக்கையான ஒற்றுமை. பணம் கட்டியிருப்பதால் தவறாமல் போவோம், நடத்துபவர் தொழில் தெரிந்தவராக இருப்பார், எல்லோரும் ஒவ்வொரு வகுப்பிலும் பேசுவார்கள். இந்தக் கடைசி அம்சம் உறுதி என்றால் கிளப்பைவிட வேகமாகப் பலன் தரும். பேசுவது நடத்துபவர் மட்டும் என்றால் அதற்கு இணையத்தில் காணொளி பார்த்துக்கொள்ளலாம். படிப்பு முடிந்த மறுநாள் என்ன செய்வது என்ற கேள்வியும் அப்படியே நிற்கும்.

தனிப் பயிற்சியாளர்

டெமாஸ்தனிஸ் மறுபடியும் உதவுகிறார். மக்கள் கேலி செய்து அனுப்பிய ஒரு நாளில் சாட்டிரஸ் என்ற நடிகர், ஒரு நாடகப் பகுதியை அவரைச் சொல்லச் சொல்லி, பிறகு தானே நடிப்போடு சொல்லிக் காட்டினாராம். அதே வரிகள் வேறு மாதிரி ஆகிவிட்டன. நல்ல பயிற்சியாளர் செய்வது இதைத்தான். நம் காதுக்கு எட்டாத குறையைக் கேட்டுப் பிடித்து, அங்கேயே திருத்திக் காட்டுவார். தேதி குறித்த பெரிய பேச்சு ஒன்று முன்னால் இருக்கிறது, செலவும் கட்டுப்படியாகும் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. பயத்துக்கு மட்டும் என்றால் வேண்டாம். ஒரே ஒருவர் முன்னால் பேசிப் பழகி, நாற்பது பேர் முன்னால் நிற்கும் கூச்சம் போகாது.

வேலையிடம்

எல்லோரும் மறந்துவிடும் வழி. வாராந்திரக் கூட்டத்தில் முதல் அறிக்கையை நானே சொல்கிறேன் என்று கையைத் தூக்குவது, விழாவில் வரவேற்புரையை வாங்கிக்கொள்வது. செலவில்லை, முகங்கள் நிஜமானவை, தடவைகளும் அதிகம். ஆனால் அங்கே தவறினால் பெயர் கெடும். பேச்சைப் பற்றிக் கருத்துச் சொல்லவும் ஆள் இருக்காது.

உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1965-இல் எழுதியது இங்கே பொருந்துகிறது. பிறர் பார்க்கும்போது நன்கு பழகிய செயல் இன்னும் நன்றாக வரும், பழகாதது இன்னும் மோசமாக வரும் என்றார் அவர். ஆகவே தயாரிக்காமல் வேலையிடத்தில் குதித்து, தைரியம் தானாக வரும் என்று காத்திருப்பது தவறான வரிசை. அதே காரணத்தால் வீட்டுக்குள்ளேயே ஓராண்டு பழகுவதும் வீண். பழகியது இன்னும் நன்றாக வரும் அந்த இடத்துக்கு நாம் போகவே இல்லையே.

அப்போது என் தேர்வு

தொடங்குபவருக்கு என் ஓட்டு சின்ன கிளப்புக்கு, கூடவே போன் கேமரா. ஒரு பேச்சை மூன்று நான்கு தடவை பதிவு செய்து பார்த்துவிட்டுக் கிளப்புக்குக் கொண்டுபோவது, அது அங்கே ஓடியதும் வேலையிடத்தில் ஒரு சின்ன வாய்ப்பைக் கேட்பது. ஏற்கெனவே வாரம் இரண்டு தடவை கூட்டங்களில் பேச வேண்டியிருப்பவர் கிளப்பைத் தேட வேண்டாம். அவருக்கு வேண்டியது திருத்தம், எனவே சில அமர்வுகள் பயிற்சியாளர். பெரும்பாலும் வீடியோ அழைப்பில் பேசுபவர் இணையவழி கிளப்பிலேயே சேரலாம், அவருக்கு அதுவே மேடை.

பேச வேண்டியிருக்குமே என்று அஞ்சி வேலையை, தேர்வை, படிப்பையே விட்டுவிடும் அளவுக்குப் பயம் இருப்பவருக்கு இந்தப் பட்டியல் பொருந்தாது. அவர் முதலில் மனநல வல்லுநரைப் பார்க்கட்டும். அங்கேயும் சின்னச் சின்னப் படிகளாக ஆட்கள் முன்னால் நிற்கவைக்கும் முறை உண்டு, கூடவே கைப்பிடிக்கத் தெரிந்த ஒருவர் இருப்பார்.

அருகில் கிளப்பே இல்லை, இணையமும் சரிவராது என்றால், ஆர்வமுள்ள நான்கு பேரைச் சேர்த்து வாரம் ஒரு நாள் நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள். ஆளுக்கு ஐந்து நிமிடப் பேச்சு, இரண்டு நிமிடக் கருத்து. கருத்தில் ஒரு நல்லதும் ஒரு திருத்தமும் கட்டாயம். “சூப்பரா இருந்துச்சு” என்பதைக் கருத்தாக எடுத்துக்கொள்வதில்லை என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மாதம் நான்கு தடவை. பெரிய கிளப்பில் அந்த எண்ணிக்கைக்கு ஓராண்டு ஆகும்.