ஸ்கேன் மங்கினால் லென்ஸ் மாற்ற உடனே சம்மதிக்காதீர்கள்

ஸ்லைடு ஸ்கேனர் (திசு ஸ்லைடைக் கணினிப் படமாக்கும் மெஷின்) வைத்திருக்கும் ஹிஸ்டாலஜி, அதாவது திசு ஆய்வு, லேப்காரர்கள் கவனத்துக்கு. பத்தில் நாலு ஸ்லைடு மங்குகிறது என்று சர்வீசுக்குச் சொன்னோம். வந்த இன்ஜினியர் எங்கள் ஸ்லைடை ஒரு தடவைகூட சாதாரண மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கவில்லை. "ஆப்ஜெக்டிவ் லென்ஸ் போச்சு சார்." ஏ.எம்.சி.யில் (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) லென்ஸ் சேராதாம், தனி பில். மாற்றிய மறுநாளும் அதே மங்கல். கழற்றிய லென்ஸையும் கையோடு கொண்டுபோய்விட்டார்.

கோளாறு ஸ்லைடில்தான் இருந்தது. டப்பாவில் ஈரம் ஏறி, கவர்ஸ்லிப் (திசுவின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடி) இரண்டிரண்டாக ஒட்டி ஏறியிருக்கிறது. இந்த லென்ஸ்கள் 0.17 மி.மீ. கண்ணாடிக்குக் கணக்கிட்டுச் செய்தவை. இரண்டு சேர்ந்தால் கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஃபோகஸ் சரியாக இருந்தும் ஸ்லைடு முழுக்கப் பால் படர்ந்த மாதிரி தெரியும். கவர்ஸ்லிப்பை ஒட்டும் பசையான டி.பி.எக்ஸ். தடிமனாக நின்றாலும் இதே கதிதான்.

திட்டுத்திட்டாக மங்கினால் அது வேறு சங்கதி. ஸ்கேனர் சில புள்ளிகளில் மட்டும் ஃபோகஸ் எடுத்து மீதியைக் கணக்குப்போட்டு நிரப்பும். ஒரு புள்ளி திசு மடிப்பிலோ குமிழியிலோ கவர்ஸ்லிப் மேல் தூசியிலோ விழுந்தால் சுற்றுவட்டாரமே போச்சு. அந்தப் புள்ளியை நீக்கி, தட்டையான திசுவில் புதிதாக வையுங்கள். மடிப்பு பெரிதென்றால் திசுவைத் திரும்ப வெட்டுவதுதான் வழி. பத்து முறை ஸ்கேன் செய்தாலும் தேறாது.

ஒரு ஓரம் மட்டும் மங்கினால் ஸ்லைடைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். வழிந்து காய்ந்த டி.பி.எக்ஸ். ஸ்லைடைச் சாய்த்துவிடும். பிளேடால் சுரண்டி, சைலீன் என்ற கரைப்பான் தொட்ட துணியால் துடைத்தால் போதும். அந்தத் துணியை லென்ஸ் பக்கம் கொண்டுபோகவே கூடாது. காயாத ஸ்லைடை ரேக்கில் ஏற்றாதீர்கள். பாதி தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

மெஷின் கோளாறு முகம் காட்டும் விதமே வேறு. எல்லா ஸ்லைடிலும் ஒரே இடைவெளியில் கோடு விழுந்தால் சென்சாரிலோ ஒளிப்பாதையிலோ தூசி, இல்லை வெளிச்சச் சமன் கெட்டிருக்கும். வெற்று ஸ்லைடு வைத்து காலிபரேட் செய்து பாருங்கள்.

சந்தேகமாக இருந்தால்: மெஷின் வந்த நாளில் நல்ல எச் அண்ட் இ சாயமேற்றிய ஸ்லைடு ஒன்றை ஸ்கேன் செய்து, கோப்பையும் ஸ்லைடையும் பத்திரப்படுத்தியிருக்க வேண்டும். இன்ஜினியர் எதிரிலேயே அதை மறுபடி ஓட்டுங்கள். அது பளிச்சென்று வந்தால் லென்ஸ் மேல் பழி போட அவருக்கு வழியில்லை. அதையும் மீறி மாற்றினால், பழைய பாகம் கைக்கு வராமல் சர்வீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.