கொழும்பில் கையொப்பமிட்ட பிரிண்ட் வாங்கப் போகிறவர்களுக்கு

கொள்ளுப்பிட்டியில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் இருக்கும் படக் கடையில் இரண்டு இலட்சத்து எண்பதாயிரம் ரூபாயைக் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று தெரிந்த சட்டத்தரணி ஒருவர் சொல்லியிருக்கிறார். ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எனக்கு அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் மேல் பைத்தியம் உண்டு. 1989க்கும் 1992க்கும் இடையில் கச்சேரிப் பயணங்களில் அவர் கீறிய படங்கள் 1994இல் புத்தகமாக வந்தன. பிறகு அவற்றுக்கு வண்ணம் தீட்டி, 2007இல் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் காட்சிக்கு வைத்தார்கள். மறுவருடம் பிரிண்டுகளாக விற்பனைக்கு வந்தன. அவற்றில் ரயில் தண்டவாளம் அடிவானம் வரை ஓடும் படம்தான் எனக்கு வேண்டியிருந்தது. 295 பிரதிகள், ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் எழுதிய எண்ணும் கையொப்பமும் இருக்கும்.

அந்த விலைக்கு அது கிடைக்காது என்பது எனக்குத் தெரியாததல்ல. "தூதரகத்தில் இருந்த வெள்ளைக்காரர் மாற்றலாகிப் போகும்போது அவசரமாகக் கொடுத்துவிட்டுப் போனது, அண்ணா" என்றார் கடைக்காரர். ஆசைப்பட்டவனுக்கு அது போதும். படச் சட்டத்தின் பின்புறம் பழுப்புக் காகிதம் ஒட்டி மூடியிருந்தது. கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "கடல் காற்றுப் பட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும், பெறுமதி போய்விடும்" என்றார். வெள்ளவத்தையில் அலுமாரிப் புத்தகங்களையே பூஞ்சணத்துக்குப் பறிகொடுக்கும் என்னிடம் இதைவிடப் பொருத்தமாக ஒரு பொய்யைச் சொல்லியிருக்க முடியாது.

நான்கு மாதம் சுவரில் தொங்கியது. மழை நாளொன்றில் கண்ணாடியின் உட்புறம் ஈரம் படியவே, காகிதத்தைக் கிழித்துப் படத்தை வெளியே எடுத்தேன். அன்று பெரியப்பா சாப்பிட வந்திருந்தார். கிராண்ட்பாஸில் ஓப்செட் அச்சகத்தில் முப்பது வருடம் மெஷின் ஓட்டியவர். ஓய்வு பெற்றும் மடிப்பு லென்ஸைச் சட்டைப் பையிலிருந்து எடுக்காதவர். கையொப்பத்தின் மேல் லென்ஸை வைத்துக் குனிந்தார், வெகுநேரம் நிமிரவில்லை.

"பென்சில் கோட்டுக்குள் மஞ்சள் புள்ளி எங்கிருந்து வந்தது, தம்பி?"

நானும் பார்த்தேன். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் வட்டம் வட்டமாக, சின்னப் பூக்களைப் போல. ஓப்செட் அச்சில் விழும் பூ அது. படம் முழுவதும் அதே பூக்கள். கையொப்பத்திலும் அதே, எண்ணிலும் அதே. அசல் பிரிண்டுகள் மை தெளிக்கும் இயந்திரத்தில் அடிக்கப்பட்டவை. அவற்றில் இந்தப் பூ விழாது. பென்சில் என்றால் தாளைச் சரித்து வெளிச்சத்தில் பிடிக்கும்போது கோடு மினுங்க வேண்டும், தாளில் மெல்லிய பள்ளம் தெரிய வேண்டும். இதில் மினுக்கமும் இல்லை, பள்ளமும் இல்லை. யாரோ அசலைப் படமெடுத்து, கையொப்பத்தோடு சேர்த்தே அச்சடித்திருக்கிறார்கள்.

கடைக்குத் திரும்பிப் போனேன். அவர் சொன்ன பதில்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது. "டிலனே மெஷினால் கையொப்பமிட்டார் என்று 2022இல் ஒப்புக்கொண்டாரே, செய்தி பார்க்கவில்லையா?" என்றார். ஒரு கணம் வாயடைத்துப் போனேன், ஏனென்றால் அது உண்மை. அந்த வருடம் அவர் எழுதிய புத்தகம் ஒன்றைக் கையொப்பமிட்டது என்று 599 டொலருக்கு விற்ற 900 பிரதிகளில் இருந்தது இயந்திரக் கையொப்பம் என்று தெரியவந்து, பதிப்பகம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. டிலனும் மன்னிப்புக் கேட்டார். ஆனால் அவர் சொன்னதை முழுவதும் படிக்க வேண்டும். 2019இல் தலைச்சுற்றல் நோய் வந்தது, பின்னர் கொரோனா வந்தது, அந்தக் காலத்தில்தான் இயந்திரத்தைப் பயன்படுத்தினேன், அதற்கு முன் எல்லாப் பிரிண்டுகளிலும் என் கையாலேயே ஒப்பமிட்டேன் என்றார். என்னுடையது 2008 என்று சொல்லி விற்கப்பட்டது. தவிர, அந்த இயந்திரமும் உண்மையான பேனாவையோ பென்சிலையோ பிடித்துத்தான் எழுதும். நான்கு நிறப் புள்ளி வைக்காது. இதைச் சொன்னதும் அவருக்கு அவசரமாக ஒரு தொலைபேசி அழைப்பு வந்துவிட்டது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம் என்று பார்த்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கிய மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நான் ஒரு மாதம் பிந்திவிட்டேன். பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்தபோதுதான் அடுத்த அடி. "சட்டமிட்ட படம் – 1" என்று மட்டும் எழுதியிருந்தது. டிலன் இல்லை, எண் இல்லை, கையொப்பமிட்டது என்ற சொல்லும் இல்லை. கூடவே தந்த அத்தாட்சிப் பத்திரத்தில் பொன்னிற முத்திரை இருக்கிறது. கொடுத்தவரின் முகவரி இல்லை.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், படச் சட்டத்தைக் கழற்றிக் காட்டாதவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஓவியரின் பெயர், பிரதி எண், கையொப்ப விபரம் மூன்றையும் பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று கையில் இருக்கட்டும்.

படத்தைக் கிழித்துப் போட எடுத்தேன். பெரியப்பா விடவில்லை. தன் அறையில் மாட்டப் போகிறாராம். "நாலு நிறமும் ஒரு மயிரிழை விலகவில்லை, நல்ல அச்சுடா" என்கிறார்.