சொந்தப் படத்தொகுப்பிலிருந்து டிவி சேனல்: எர்சாட்ஸ்டிவியா, டூனாரா, கோடியா?

ஹார்ட் டிஸ்க் நிறையப் படமும் தொடரும் இருந்தும், எதைப் பார்ப்பது என்று தேடுவதிலேயே பாதி ராத்திரி போய்விடுகிறது. சேனலில் அந்தத் தொல்லை இல்லை. போட்டால் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், பிடித்தால் பார்க்கலாம், இல்லையென்றால் அடுத்ததற்குத் தாவலாம். நம் சேகரிப்பிலிருந்தே அப்படிச் சேனல்கள் அமைத்துத் தரும் மென்பொருள்கள் சில இருக்கின்றன. அவற்றுக்குள் தேர்ந்தெடுக்கும் முன் ஒன்றை முடிவுசெய்துகொள்ளுங்கள்: சேனலை ஓட்டப்போவது வீட்டின் எல்லாத் திரைக்கும் வீடியோ அனுப்பும் சர்வர் கம்ப்யூட்டரா, டிவியோடு இருக்கும் பெட்டியா?

எர்சாட்ஸ்டிவி, டூனார் இரண்டும் சர்வர் வகை. 24 மணி நேரமும் கம்ப்யூட்டர் வீடியோவை ஓட்டிக்கொண்டே கிடக்கும் என்று பயப்பட வேண்டாம். யாரும் பார்க்காதபோது அங்கே இருப்பது அட்டவணை மட்டும்தான். 9 மணிக்குத் தொடங்கியதாகக் கணக்கில் இருக்கும் படத்தை 9:37க்கு யாராவது திறந்தால், வீடியோவை மாற்றி அனுப்பும் எஃப்எஃப்எம்பெக் என்ற கருவி அந்தக் கோப்பின் 37வது நிமிடத்திலிருந்து அனுப்ப ஆரம்பிக்கும். உண்மையான வேலை அப்போதுதான் தொடங்குகிறது.

அந்த வேலை கொஞ்சம் கனமானது. பழைய தொடர் 4:3 சட்டகத்தில் இருக்கும், அடுத்து வரும் படம் ஹெச்இவிசி என்ற சுருக்க வடிவில் 4கேயாக இருக்கும், ஆடியோவும் ஒன்றில் ஸ்டீரியோ, இன்னொன்றில் 5.1. ஒரே ஓட்டத்தில் இவை மாறி மாறி வந்தால் பல பிளேயர்கள் திணறும். அதனால் எல்லாவற்றையும் ஒரே அளவுக்கும் வடிவத்துக்கும் மாற்றித்தான் சர்வர் அனுப்புகிறது. இந்த மாற்றத்தைச் சிப்பிலேயே செய்துவிடும் இன்டெல் குவிக் சிங்க், என்விடியா என்விஎன்க் போன்ற வன்பொருள் உதவி இருந்தால் கவலையில்லை. அது இல்லாத பழைய கம்ப்யூட்டரில் 4கே படங்களைச் சேனலாக்க முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சரி, இந்த இரண்டில் எது? சீக்கிரம் ஒரு சேனலைப் பார்த்துவிட வேண்டும் என்றால் டூனார். சேனலைத் திறந்து, நிகழ்ச்சிகளை உள்ளே போட்டு, நேரத் துண்டுகளாகப் பிரித்து அடுக்கலாம். பிரவுசரிலேயே எல்லாம் கண்ணுக்குத் தெரியும். இது டிஸ்க்டிவி என்ற பழைய மென்பொருளின் வழியில் வந்தது. நம் படத்தொகுப்பை வீட்டுத் திரைகளுக்கு வழங்கும் மீடியா சர்வர்களில் டிஸ்க்டிவி ப்ளெக்ஸோடு மட்டுமே பேசும், டூனாரோ ப்ளெக்ஸ் தவிர ஜெல்லிஃபின், எம்பி இரண்டோடும் பேசும். புதிதாகத் தொடங்குபவர் டிஸ்க்டிவி பக்கம் போகக் காரணமே இல்லை.

எர்சாட்ஸ்டிவி முதலில் கொஞ்சம் படுத்தும். தொகுப்பு, அட்டவணை, அதை நாள்வாரியாக விரிக்கும் பிளேஅவுட், அப்புறம் சேனல் என்று அடுக்கடுக்காக இருக்கும். ஆனால் அந்த அடுக்குகள் புரிந்துவிட்டால் இதற்கு ஈடு எனக்குத் தெரிந்து வேறில்லை. தேடல் நிபந்தனையையே தொகுப்பாக்கிவிடலாம்: '1980களின் நகைச்சுவை' என்ற பொருளில் ஒன்றை எழுதிவைத்தால், நாளை நூலகத்தில் சேரும் படமும் தானாக அந்தச் சேனலுக்குள் வந்துவிடும்.

சேனல் என்ற உணர்வைத் தருவது நிகழ்ச்சிகளுக்கு நடுவே வரும் இடைநிரப்பிதான். 22 நிமிட எபிசோடை 30 நிமிட இடத்தில் வைத்தால் 8 நிமிடம் மிச்சம். அந்த இடத்தில் டிரெய்லரோ பாட்டோ சின்ன அறிவிப்போ வந்தால்தான் அடுத்த நிகழ்ச்சி சரியாக அரைமணிக்குத் தொடங்கும். இந்த வசதி இரண்டிலும் உண்டு. இதைத் தவிர்த்துவிட்டு எபிசோடுகளை வரிசையாகக் கோத்தால் அது வெறும் பிளேலிஸ்ட். மூலையில் ஒரு லோகோவும் வைத்துப் பாருங்கள், அவ்வளவு வித்தியாசம்!

எர்சாட்ஸ்டிவி, டூனார் இரண்டுமே எம்3யு என்ற சேனல் பட்டியலும் எக்ஸ்எம்எல்டிவி நிகழ்ச்சி வழிகாட்டியும் தரும். ஜெல்லிஃபின் அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளும், தனிச் சந்தா எதுவும் தேவையில்லை. ப்ளெக்ஸ் எம்3யுவை ஏற்காது, அதனால் இவை ஆண்டெனா சேனல்களைப் பிடித்துத் தரும் எச்டிஹோம்ரன் டியூனர் போல வேஷம் போட்டு உள்ளே நுழைகின்றன. நேரலைப் பகுதியைத் திறக்க ப்ளெக்ஸுக்கு ப்ளெக்ஸ் பாஸும் எம்பிக்கு எம்பி பிரீமியரும் என்ற கட்டணச் சந்தாக்கள் வேண்டும். தவிர, சேனல் மென்பொருள் ஒருமுறை மாற்றியதை மீடியா சர்வர் இன்னொருமுறை மாற்றும் இரட்டைச் சுமையும் வரலாம். வெளிவடிவத்தை டிவி நேரடியாக ஓட்டக்கூடிய எச்.264 வீடியோ, ஏஏசி ஆடியோ என்று வைத்தால் இது பெரும்பாலும் தவிரும்.

கோடி என்பது டிவிப் பெட்டியில் ஓடும் மீடியா பிளேயர், அதன் துணைநிரலான சூடோடிவி லைவ் வேறு வழியில் போகிறது. சேனல் கணக்கு முழுக்கக் கோடிக்குள்ளேயே நடக்கும், கோப்பு எப்படி இருக்கிறதோ அப்படியே ஓடும். தரம் குறையாது, வலுவான சர்வரும் தேவையில்லை. பார்க்கும்போதே சப்டைட்டிலை மாற்றலாம், ஆடியோ மொழியையும் மாற்றலாம். சர்வர் வழியில் இவை பெரும்பாலும் சேனல் அமைக்கும்போதே முடிவாகிவிடும், சப்டைட்டில் படத்தின் மேலேயே பதிந்து வரும். பல மொழி ஆடியோ உள்ள கோப்புகள் நிறைய வைத்திருப்பவர் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குறை என்னவென்றால், கோடி ஓடும் பெட்டியில்தான் சேனல் தெரியும். போனிலோ மற்ற அறை டிவியிலோ வேண்டுமானால் அங்கேயும் கோடி இருந்தாக வேண்டும்.

பார்ப்பது ஒரே டிவி, பெட்டியும் சின்னது என்றால் நான் கோடியையே சொல்வேன். பல திரைகள், நல்ல சர்வர் என்றால் ஜெல்லிஃபினோடு எர்சாட்ஸ்டிவி. அமைப்பதில் பொறுமை குறைவு என்றால் அதே இடத்தில் டூனார். அட்டவணையை எப்போது கலைத்து அடுக்கினாலும், மீடியா சர்வரில் வழிகாட்டியை உடனே புதுப்பித்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த புதுப்பிப்பு வரைக்கும் திரையில் எழுதியிருப்பது ஒன்றாகவும் ஓடுவது வேறாகவும் இருக்கும்.